அம்மாவின் தையல் கூலியை எங்கே எழுதுவது?

பள்ளிக் கண்காட்சி என்றால் துணிப்பை விற்கும் மேசை ஒன்று இருக்கும். 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கிய பிறகு கேட்கவே வேண்டாம். அந்த மேசைக்குப் பின்னால் நிற்கும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கணக்குக் கேட்டால் பேச்சு இப்படித்தான் போகும்.

“பை என்ன விலை?”

“முப்பது ரூபா சார்.”

“அடக்கம்?”

“துணி பதினெட்டு, நூல் ரெண்டு.”

“தையல் கூலி?”

“அம்மா தைச்சுக் கொடுத்தாங்க.”

நோட்டில் லாபம் பத்து ரூபாய். அம்மாவுக்குக் கூலி போட்டால் அந்தப் பத்தும் காணாமல் போய்விடும்.

ஊருக்கு உதவும் ஒரு வேலையை, உண்டியல் குலுக்காமல் அதன் வருமானத்திலேயே நடத்துவதுதான் சமூகத் தொழில்முனைவு. பிள்ளைகளுக்கு இரக்கத்தைக் கற்றுத்தர வேண்டியதில்லை. நம்மைவிட அவர்களுக்கு அது அதிகம். யார் பணம் கொடுப்பார்கள், ஏன் கொடுப்பார்கள் என்று கேட்கத்தான் பழக்க வேண்டும்.

திருவண்ணாமலை மாணவி வினிஷா உமாசங்கரைப் பலருக்கும் தெரியும். தெருவில் இஸ்திரி போடுபவர் எரிந்த கரியைக் கொட்டுவதைப் பார்த்து, சூரிய ஒளியில் இயங்கும் இஸ்திரி வண்டியை வடிவமைத்தவர். 2021-ல் சுற்றுச்சூழலுக்கான எர்த்ஷாட் பரிசின் இறுதிச் சுற்றுக்கு வந்தார். அதே ஆண்டு கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் பேசினார். செய்திகள் எல்லாம் சோலார் தகட்டைப் பற்றியே பேசின. எனக்குப் பிடித்தது வேறொன்று. அந்த வண்டியிலேயே செல்போன் சார்ஜ் செய்துகொடுத்தும், ரீசார்ஜ் செய்தும் நாலு காசு கூடுதலாகப் பார்க்க வழி வைத்திருந்தார். கரியை ஒழிப்பது உலகத்துக்கு நல்லது. ஆனால் வண்டிக்காரர் அன்றைய வரும்படியைத்தான் முதலில் பார்ப்பார். இதை வகுப்பில் பேசினால் பாதிப் பாடம் முடிந்தது.

மீதிப் பாடம் மதுரையில் இருக்கிறது. டாக்டர் கோ. வெங்கடசாமி பணி ஓய்வுக்குப் பின் 1976-ல் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கட்டணம் கட்டுபவர்களின் பணத்தில் கட்ட முடியாதவர்களுக்கும் அறுவை சிகிச்சை நடந்தது. அறுவை சிகிச்சையில் கண்ணுக்குள் பொருத்தும் வெளிநாட்டு லென்ஸின் விலை கட்டுப்படியாகவில்லை. 1992-ல் ஆரோலேப் என்ற பெயரில் தாங்களே செய்ய ஆரம்பித்தார்கள். ஹார்வர்டு வணிகப் பள்ளி இந்தக் கதையை 1993-லேயே பாடமாக்கிவிட்டது. அதே மதுரையின் அண்ணா நகரிலோ ஆரப்பாளையத்திலோ ப்ளஸ் டூ வணிகவியல் வகுப்பில் இதைக் கரும்பலகையில் கணக்காகப் போட்டுக் காட்டுகிறார்களா? பஸ் ஏறினால் மருத்துவமனையை நேரிலேயே பார்த்துவிடலாம்.

டெல்லி அரசுப் பள்ளிகள் 2019-ல் 9 முதல் 12 வரையிலான வகுப்புகளுக்குத் தொழில்முனைவுப் பாடம் கொண்டுவந்தன. 2021-ல் ‘பிசினஸ் பிளாஸ்டர்ஸ்’ திட்டத்தில் 11, 12-ஆம் வகுப்பு மாணவர்களுக்குத் தலைக்கு 2,000 ரூபாயை முதலீடாகக் கொடுத்தார்கள். கையில் நிஜப் பணம் இருந்தால் நஷ்டமும் நிஜமாக இருக்கும். சார்ட் பேப்பரில் யாருக்கும் நஷ்டம் வந்ததில்லை. அந்தத் திட்டம் தொலைக்காட்சி மேடைவரை போனதில் மட்டும் எனக்குக் கொஞ்சம் சங்கடம். முதலீட்டாளர் முன் மூன்று நிமிடம் பேசப் பழகிய பிள்ளை, வாங்குபவர் முன் முப்பது நிமிடம் வாய் திறக்காமல் கேட்கப் பழகியதா?

துணிப்பைக்கே வருவோம். அம்மாவுக்குப் பைக்குப் பன்னிரண்டு ரூபாய் போட்டால் அடக்கமே முப்பத்திரண்டு. விலையைக் கூட்டலாமா? கடைப் பெயரை அச்சிட்டுக் கொடுத்தால் கடைக்காரர் பாதி ஏற்பாரா? சித்தப்பாவும் அத்தையும் ஆளுக்கொன்று வாங்கியாயிற்று. அடுத்த பை யாருக்கு? சனிக்கிழமை தெருமுனைக் காய்கறிக் கடை அக்காவிடம் போய்க் கேட்டுவரச் சொல்லலாம்.

அவர் பையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஈரக் கீரையை வெச்சா சாயம் இறங்குமா தம்பி?” என்பார். அடுத்த வார வகுப்பு அதைப் பற்றித்தான்.