வர்ணம் தெளிக்கும் கருவி: வாங்குமுன் சில எண்ணங்கள்

தீபாவளியும் பொங்கலும் நெருங்குங்கால் இல்லத்தைப் புதுப்பிக்கும் ஆவல் நம்மவர் வீடுகளில் தானே எழுகின்றது. ஊரில் சுண்ணாம்பைக் கரைத்துப் பனமட்டையால் வெள்ளையடித்த வழக்கம், மும்பையிலும் தில்லியிலும் அடுக்குமாடி வீடுகளில் குடியிருக்கும் நமக்கு எமல்ஷனாகவும் எனாமலாகவும் உருமாறியிருக்கின்றது. ஆள் கூலி உயர்ந்துவிட்ட இக்காலத்தில், ‘கருவியொன்றை வாங்கி நாமே தெளித்துவிட்டால் என்ன?’ என்று இளைஞர் பலர் எண்ணுகின்றனர். விளம்பரங்களோ வாட்டையும் விலையையுமே பெரிதாகக் காட்டுகின்றன. நாம் கூற விரும்புவது வேறு. எதன்மேல் பூசப் போகிறோம், எந்த வர்ணத்தைப் பூசப் போகிறோம் என்பவற்றை முதலில் முடிவு செய்தல் வேண்டும். கருவி அதன் பின்னரே.

1893ஆம் ஆண்டில் சிகாகோ உலகப் பொருட்காட்சியின் பெருங்கட்டடங்களை விரைந்து வெண்மையாக்க வர்ணம் பீச்சும் முறை கையாளப்பட்டது. பரந்த பரப்பு, குறுகிய காலம் என்னும் இரண்டும் கூடிய இடத்திலேதான் தெளிப்பு முறையின் முழுப் பயனும் கிட்டும் என்பதற்கு இதுவே சான்று.

இன்று கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் 3 வகைப்படும். முதலாவது, கம்ப்ரஸரோடு இணைக்கும் துப்பாக்கி. மோட்டார் பட்டறைகளில் காண்பது இதுவே. பூச்சு மிக நேர்த்தியாக இருக்கும். ஆயினும் பாதிக்கு மேற்பட்ட வர்ணம் புகைபோல் பறந்து வீணாவதுண்டு. இரண்டாவது, காற்றே இல்லாமல் வர்ணத்தை மட்டும் பம்பினால் அழுத்திப் பீச்சும் ‘ஏர்லெஸ்’ கருவி. சதுர அங்குலத்துக்கு 2,000 முதல் 3,000 பவுண்டு வரை இதன் அழுத்தம் செல்லும். தண்ணீர் அதிகம் கலவாத எமல்ஷனையும் இது ஏற்கும். மூன்றாவது, சிறு டர்பைன் பொருத்திய கைக்கருவி. மிகுந்த காற்றை மெல்லிய அழுத்தத்தில் செலுத்துவதால் வர்ணம் அதிகம் சிதறாது.

ஏர்லெஸ் கருவியின் முனையில் 517 என்பது போன்ற எண் பொறித்திருக்கும். முதல் இலக்கத்தை இரட்டித்தால், ஓரடித் தொலைவில் தெளிப்பு விரியும் அகலம் கிடைக்கும். இங்கே 10 அங்குலம். மற்ற இரண்டு இலக்கங்கள் துளையின் அளவு. இங்கே ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 17 பங்கு.

காலியாக உள்ள புது வீட்டின் சுவர்களுக்கு ஏர்லெஸ் கருவி தகும்; அதனையும் வாடகைக்கு எடுப்பதே சிக்கனம். கட்டிலும் பீரோவும் நிறைந்த வாடகை வீட்டிலோ, தெளிக்கும் நேரத்தைவிட மூடிக் கட்டும் நேரமே மிகும். சுவருக்கு உருளையே போதும். ஆனால் சன்னல் கிராதி, பிரம்பு நாற்காலி, பலகணிக் கதவு ஆகியவற்றின் இடுக்குகளில் தூரிகை தடுமாறுமிடத்துச் சிறு டர்பைன் கருவி அழகாகப் பணிபுரியும். நம்மவருள் பெரும்பாலோர்க்கு ஏற்றது இதுவே.

அதனை வாங்குகையில் கவனிக்க வேண்டியவை சில. வர்ணத்தின் பதம் அறிய, அடியில் துளையுள்ள சிறு கிண்ணம் உடன் வருகிறதா? கிண்ணத்து வர்ணம் ஒழுகி முடியும் வினாடிகளைக் கொண்டே பதம் அறியப்படும். மாற்று முனைகள் தனியே கிடைக்குமா? பாகங்களைக் கழற்றிக் கழுவ இயலுமா? வர்ணம் நிரப்பிய பின் கை தாங்குமா? 1 லிட்டர் எமல்ஷன் 1 கிலோவுக்கு மேல் நிறையுடையது. வர்ணத்தைப் பழைய வேட்டித் துணியில் வடிகட்டிய பின்னரே ஊற்றுதல் வேண்டும். இன்றேல் முனை அடைத்துக்கொள்ளும்.

இனி, விலையினும் முக்கியமானது நம் குழந்தைகளின் நலம். வீட்டு வர்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேற்படலாகாது என்னும் விதி நம் நாட்டில் 2016இல் வகுக்கப்பெற்று, 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முற்பட்ட கதவுகளிலும் கிராதிகளிலும் ஈயம் மிகுந்திருக்கக்கூடும். அவற்றை உலரத் தேய்த்தால் எழும் தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். ஆகவே நீர் தொட்டே தேய்த்தல் வேண்டும். தேய்த்த கழிவை ஈரத்துணியால் துடைத்தெடுத்தல் வேண்டும். பிள்ளைகளும் கருவுற்ற பெண்டிரும் அவ்வமயம் அங்கே இருத்தலாகாது.

எனாமல் தெளிக்கும்போது கைக்குட்டை கட்டிக்கொள்வது பயன் தராது; கரி வடிகட்டி பொருத்திய முகமூடியே ஆவியைத் தடுக்கும். டர்பன்டைன் ஆவி தீப்பற்றக் கூடியது. ஆதலால் அடுப்பை அணைத்து, பூசை விளக்கையும் குளிரச் செய்து, சன்னல்களைத் திறந்து வைத்த பின்னரே தொடங்குக. ஏர்லெஸ் கருவியின் முனைக்கு நேரே விரலை நீட்டுதல் கூடவே கூடாது. வர்ணம் தோலைத் துளைத்து உட்புகும். காயம் ஊசிமுனையளவே தோன்றினும் உடனே மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மட்டும் பயன்படும் பொருளை வீட்டுக்கு வீடு வாங்கி வைப்பானேன்? ஒரே கட்டடத்தில் வாழும் நான்கு குடும்பங்கள் கூடி ஒன்றை வாங்கலாம். ஒவ்வொருவரும் கழுவித் துடைத்தே அடுத்தவர்க்குத் தருதல் வேண்டும் என்பது ஒன்றே விதி. கருவியும் நெடுநாள் உழைக்கும். அயலூரில் அண்டை வீட்டார் உறவும் வளரும்.