மலைமேல் கணினி எழுந்துவிட்டதா?

கம்போங் ராஜா பக்கம் ஒரு தேயிலைத் தோட்ட ஆபீஸ் கணினியை ஈப்போவில் உட்கார்ந்தபடியே ரீஸ்டார்ட் செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கட்டளை கொடுப்பது ஒரு நொடி வேலை. அது திரும்ப எழாவிட்டால்தான் வினை. சிம்பாங் பூலாய் மலைச்சாலை வளைவுகளையெல்லாம் ஏறிப்போய், ஒரு பொத்தானை அமுக்கிவிட்டு இறங்க வேண்டும்.

அதனால்தான் கட்டளை கொடுத்த கையோடு 'பிங்' ஓடவிடுவார்கள். அமெரிக்க இராணுவ ஆய்வுக்கூடத்தில் இருந்த மைக் மூஸ் 1983 டிசம்பரில் எழுதிய குட்டி நிரல் அது. சோனார் ஒலியின் பெயரைத்தான் அதற்கு வைத்தார். 'இருக்கிறாயா?' என்று ஒரு சிறு பொதியை அனுப்பி, பதில் வர எத்தனை மில்லி விநாடி ஆயிற்று என்று காட்டும். விண்டோஸில் சும்மா ஓடவிட்டால் நான்கு முறை கேட்டுவிட்டு நின்றுவிடும். '-டி' சேர்த்தால் விடாமல் கேட்கும்.

முதலில் கவனிக்க வேண்டியது, பதில் நிற்கிறதா என்பதை. வரிசையாக வந்த பதில்கள் அறுந்து, 'ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட்' தோன்றினால் நிம்மதி: இயந்திரம் படுத்துவிட்டது. பதில் நிற்கவே இல்லையென்றால், ஏதோ ஒரு மென்பொருள் மூட மறுத்துக் கட்டளையைத் தடுத்திருக்கலாம். அந்தப் பதில்களை நம்பி 'வந்துவிட்டது' என்று எழுதிவைப்பவர்கள் உண்டு. இன்னொரு பொறியும் இருக்கிறது. 'ரிப்ளை ஃப்ரம்' என்று தொடங்கும் வரியின் கடைசியில் 'டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்' என்று இருந்தால், பேசுவது தோட்டத்து ரவுட்டர். கணினி இன்னும் எழவில்லை. விண்டோஸோ அதையும் வந்த பதில் கணக்கில் சேர்த்துவிடும்!

உண்மையான பதில் வந்தாலும் கண் விழித்தது என்று மட்டுமே பொருள். சம்பளக் கணக்கு மென்பொருள் அதற்குப் பிறகுதான் எழும். 'சிஸ்டம்இன்ஃபோ' கட்டளை காட்டும் பூட் நேரம் இன்றையதா என்று பார்த்தால் சந்தேகம் தீரும்.

எழாமலே போன கதையும் உண்டு. 2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. கிரவுட்ஸ்டிரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பழுதான அப்டேட்டால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் இயந்திரங்கள் நீலத்திரையில் சிக்கின. ஏர் ஏசியா பயணிகளுக்குக் கையாலேயே செக்-இன் நடந்தது. அஸூர் என்ற தன் கிளவுட் சேவையின் வாடிக்கையாளர்களை 15 முறை வரை ரீஸ்டார்ட் செய்து பார்க்கச் சொன்னது மைக்ரோசாஃப்ட். பல இடங்களில் அதுவும் பலிக்காமல், ஆள் நேரில் போய் 'சேஃப் மோட்'டில் அந்த அப்டேட்டின் பழுதான கோப்பை அழிக்க வேண்டியிருந்தது.

மலைமேல் இருப்பதை ரீஸ்டார்ட் செய்வதானால், ஆபீசில் ஆள் இருக்கும் காலை நேரத்தில் செய்யுங்கள்.