கிளிக்குஞ்சு வாங்கப் போகிறீர்களா?

கிளியைப் போலத் தமிழர் உள்ளத்தில் இடம் பிடித்த பறவை வேறொன்று உண்டா? மதுரை மீனாட்சியின் கையில் கிளி. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் கையிலும் கிளி. மழலை பேசும் குழந்தையும் நமக்குக் கிளிப்பிள்ளைதான். ஏற்காட்டிலிருந்து சேலத்திற்குப் படிக்க வரும் என்னிடம், "மலையிலிருந்து ஒரு கிளிக்குஞ்சு கொண்டு வாயேன்" என்று கேட்ட நண்பர்கள் பலர். அருவிக்கே கிளியூர் அருவி என்று பெயர் வழங்கும் ஊர்க்காரனிடம் அப்படிக் கேட்பதில் வியப்பில்லை. விலங்கியல் மாணவன் என்ற முறையில் அவர்கள் எல்லோருக்கும் சேர்த்து நான் தரும் விடையே இக்கட்டுரை. கிளிக்குஞ்சை யாரிடம் வாங்கலாம்? வாங்குமுன் அவரை எப்படிச் சோதித்துப் பார்க்கலாம்? இவற்றைக் காண்போம்.

முதற் கேள்வி: எந்தக் கிளி?

விற்பவர் யார் என்று கேட்குமுன், விற்கப்படும் பறவை எது என்று கேட்க வேண்டும். சமவெளியில் நாம் அன்றாடம் காணும் சிவந்த மூக்குப் பச்சைக்கிளி, மலைச்சரிவுகளில் கூட்டமாய்ப் பறக்கும் செந்தலைக்கிளி, உருவில் பெரிய பெரும் பச்சைக்கிளி ஆகியவை நம் நாட்டுக் காட்டுப் பறவைகள். இவற்றை 1972 ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் காக்கிறது. நாட்டுப் பறவைகளின் வாணிகம் 1990-91 முதல் தடை செய்யப்பட்டுள்ளது. 2022 இல் சட்டம் திருத்தப்பட்டு, அத்திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பச்சைக்கிளி இப்போது இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. பிடிப்பது, விற்பது, வாங்குவது, கூண்டில் வைத்திருப்பது யாவும் குற்றமே. 2024 ஏப்ரலில் கடலூர்ப் பகுதியில் கிளி சோதிடரிடமிருந்த கிளிகளை வனத்துறையினர் கைப்பற்றிய செய்தி பலருக்கு நினைவிருக்கலாம்.

ஆகவே, நாட்டுக் கிளியை விற்பவர்களுள் நம்பத்தக்கவர் என்று ஒருவரும் இருக்க முடியாது. "எங்கள் வீட்டிலேயே பொரித்த குஞ்சு" என்று அவர் சத்தியம் செய்தாலும் சட்டத்தின் முன் அது செல்லாது. பெரும்பாலும் அச்சொல் உண்மையாகவும் இராது.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். மரத்தில் நடப்பதைப் பார்ப்போம். பச்சைக்கிளி பெரும்பாலும் தை முதல் சித்திரை வரையிலான மாதங்களில் மரப்பொந்தில் முட்டையிடுகிறது. குஞ்சு பொரிக்க மூன்று வாரங்களுக்கு மேல் ஆகும். குஞ்சு பறந்து வெளியேற மேலும் ஏறத்தாழ ஏழு வாரங்கள் ஆகும். குஞ்சு பிடிப்பவன் அதுவரை காத்திருப்பதில்லை. இறகு முளைக்குமுன்பே பொந்தை வெட்டிப் பெரிதாக்கிக் கையை விடுகிறான். அந்த ஆண்டின் குஞ்சுகள் போவதோடு இழப்பு நிற்பதில்லை, பொந்தே பாழாகிறது. பட்டுப்போன பழைய மரங்களையெல்லாம் விறகுக்கு வெட்டிவிடும் இந்நாளில், நல்ல பொந்து கிடைப்பது அரிது. மைனாவும் ஆந்தையும் கூட அதே பொந்துக்குத்தான் வரிசையில் நிற்கின்றன. ஒரு குஞ்சை நாம் விலை கொடுத்து வாங்கினால், அடுத்த ஆண்டு இன்னொரு மரத்தில் ஏறுவதற்கு அவனுக்கு முன்பணம் கொடுத்தவர்கள் ஆகிறோம்.

வளர்க்கத் தக்கவை

அப்படியானால் கிளி இனத்தில் எதையுமே வளர்க்க முடியாதா? முடியும். எங்கள் சேர்வராயன் மலைத் தோட்டங்களில் நிற்கும் காப்பிச் செடி ஆப்பிரிக்காவிற்குரியது. அதற்கு நிழல் தரும் சில்வர் ஓக் ஆஸ்திரேலியாவிற்குரியது. இரண்டும் வெளியிலிருந்து வந்து, தலைமுறை தலைமுறையாக இங்கேயே வளர்க்கப்படுபவை. பறவைகளிலும் அத்தகையவை உண்டு. கடையில் நாம் 'லவ் பேர்ட்ஸ்' என்று கேட்டு வாங்கும் சின்னஞ்சிறு பறவை உண்மையில் ஆஸ்திரேலியாவின் பட்ஜெரிகர். கொண்டையுள்ள காக்கட்டீலும் ஆஸ்திரேலியப் பறவையே. கடைக்காரர் அதைக் 'காக்டெயில்' என்பார்! அவர் 'ஆப்பிரிக்கன்' என்று தனியே காட்டுவதுதான் மெய்யான லவ் பேர்ட். மண்பானையிலோ மரப்பெட்டியிலோ இவை எளிதாகக் குஞ்சு பொரிப்பதால், காட்டில் பிடிக்க வேண்டிய தேவையே இல்லை. புதிதாக வளர்ப்போர்க்கு ஏற்றவை இவையே.

வளர்ப்பவரை அறிவது எப்படி?

முதலாவது, தாய் தந்தையைக் காட்டச் சொல்லுங்கள். உண்மையில் வளர்ப்பவர் தயங்காமல் கூண்டருகே அழைத்துச் செல்வார். "அவை வேறிடத்தில் இருக்கின்றன" என்பவர் வாங்கி விற்பவராக இருக்கலாம். கூண்டில் நெரிசல், அழுக்குத் தண்ணீர், குவிந்த எச்சம் இவற்றைக் கண்டால் திரும்பி விடுங்கள். கிளி இனப் பறவைகளுக்கு வரும் சிட்டகோசிஸ் என்னும் நோய், உலர்ந்த எச்சத்தின் தூசி வழியாக மனிதருக்கும் தொற்றி, நுரையீரலைத் தாக்கக் கூடியது.

இரண்டாவது, குஞ்சின் வயதைக் கேளுங்கள். பிறகு பறவையிடமே சரிபாருங்கள். இளம் பட்ஜெரிகரின் நெற்றியில், மூக்கின் மேல் வரை கறுப்புக் கோடுகள் இறங்கியிருக்கும். மூன்று நான்கு மாதங்களில் முதல் முறை இறகு உதிர்ந்ததும் நெற்றி தெளிவாகிவிடும். (முழு மஞ்சள், முழு வெள்ளை வகைகளில் இக்கோடுகள் தெரியா.) நெற்றி தெளிந்த பறவையைக் காட்டி "ஒன்றரை மாதக் குஞ்சு" என்பவரை நம்ப வேண்டாம்.

மூன்றாவது, காலில் வளையம் உண்டா என்று பாருங்கள். இணைப்பே இல்லாத முழு வளையத்தைக் குஞ்சு பிறந்த சில நாட்களுக்குள்தான் காலில் நுழைக்க முடியும்; கால் பருத்த பின் நுழைக்கவும் முடியாது, கழற்றவும் முடியாது. எனவே அது கூண்டில் பிறந்ததற்கு நல்ல சான்று. வெட்டுள்ள வளையத்தையோ எந்த வயதிலும் மாட்டிவிடலாம். அதற்கு அந்த மதிப்பு இல்லை.

நான்காவது, தானே உண்ணாத குஞ்சை வாங்காதீர்கள். "கையால் ஊட்டினால்தான் பழகும்" என்று சொல்லி மூன்று வாரக் குஞ்சை விற்போர் உண்டு. ஊட்டும் கூழ் சற்றுச் சூடானாலும் இரைப்பை வெந்துவிடும். சற்றுத் தவறினாலும் மூச்சுக்குழலில் இறங்கிவிடும். பயிற்சியில்லாத நம் கையில் அதற்கு மரணமே நேரலாம். தானே உண்ணத் தொடங்கிய குஞ்சும், பொறுமையாகப் பழகினால் தோளில் வந்து அமரும். என் தங்கைக்காகச் சூரமங்கலம் பக்கம் மொட்டை மாடியில் பறவை வளர்க்கும் ஒருவரிடம் சென்றிருந்தேன். நாங்கள் விரும்பிய காக்கட்டீல் குஞ்சைக் காட்டி, "இன்னும் தானாத் திங்கல தம்பி, ஒரு மாசம் கழிச்சு வாங்க" என்று வெறுங்கையோடு அனுப்பிவிட்டார். கையில் வந்த பணத்தை விட்டுக்கொடுத்த அந்த ஒரு சொல்லே எனக்குப் போதுமானதாக இருந்தது.

தாள்களும் தேவை

கடையில் வாங்கினால், 2018 ஆம் ஆண்டின் செல்லப்பிராணிக் கடை விதிகளின்படி மாநில விலங்கு நல வாரியத்தில் அது பதிவு பெற்றதா என்று கேளுங்கள். ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, மக்கா, காக்கட்டூ, கான்யூர் போன்றவற்றை நாடுவோர் மேலும் விழிப்பாக இருக்க வேண்டும். இவை, 1976 இல் இந்தியா சேர்ந்த சைட்டிஸ் என்னும் பன்னாட்டு வாணிக உடன்படிக்கையின் பட்டியல்களில் உள்ளவை. சாம்பல் கிளி 2017 முதல் அதன் மிகக் கடுமையான முதற் பட்டியலில் இருக்கிறது. 2024 ஆம் ஆண்டின் விதிகளின்படி, இத்தகைய பறவையை வைத்திருப்பவர் அரசின் பரிவேஷ் இணையத்தளத்தில் பதிவு செய்ய வேண்டும். பிறப்பையும் கைமாற்றத்தையும் தெரிவிக்க வேண்டும். பதிவைக் காட்டாதவரிடம் விலை பேசுவதே வீண். பட்ஜெரிகர், காக்கட்டீல், சிவந்த முகமுள்ள லவ் பேர்ட் ஆகிய மூன்றும் அப்பட்டியல்களில் இல்லை.

மலைக்குக் கொண்டு வருவோர்க்கு ஒரு சொல்: சேலத்தின் வெப்பத்தில் பிறந்த குஞ்சை மார்கழிக் குளிரில் 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏற்றி வருவது நல்லதன்று. கோடையில் வாங்கிப் பழக்குங்கள். காற்றோட்டமுள்ள அட்டைப் பெட்டியில் கொண்டு வந்து, சில்லென்ற காற்று நேரே படாத இடத்தில் கூண்டை வையுங்கள். முன்பு உண்ட திணையையும் கடல்நுரையையும் உடனே மாற்ற வேண்டாம்.

நல்ல வளர்ப்பாளர் நம்மையும் சோதிப்பார். "வீட்டில் பூனை உண்டா? விடுமுறையில் யார் தீனி வைப்பார்கள்?" என்று கேட்பார். எரிச்சல் கொள்ள வேண்டாம். பட்ஜெரிகர் ஐந்து முதல் பத்து ஆண்டுகளும், காக்கட்டீல் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலும் வாழக் கூடியவை. நம் பட்டப் படிப்போ மூன்றே ஆண்டு. விடுதியை விட்டுப் பெட்டி கட்டும் நாளில் அப்பறவை எங்கே போகும் என்பதற்கு விடை வைத்திருப்பவர் மட்டும் கூண்டு வாங்கலாம்.