காலேஜ் மெயில் மூடுறதுக்குள்ள கான்டாக்ட்ஸை எடுத்துடுங்க!

ஃபைனல் இயர் மக்களே, இது முக்கியமா உங்களுக்குத்தான். கோர்ஸ் முடிஞ்ச கொஞ்ச நாள்ல பல காலேஜ்கள் மாணவர்களோட மெயில் ஐடியை மூடிடும். அதோட அந்த ஐடியில சேவ் பண்ண கான்டாக்ட்ஸும் போயிடும். அசோசியேஷன் பொறுப்புல இருக்கறவங்க இன்னும் கவனமா இருக்கணும். சிம்போசியத்துக்கு ஸ்பான்சர் பண்ணவங்க, ஜட்ஜா வந்தவங்க, அலும்னி சீனியர்ஸ் லிஸ்ட்டை ஒழுங்கா கொடுக்கலன்னா, ஜூனியர்ஸ் மறுபடி முதல்ல இருந்து அலையணும்.

கஸ்டம் ஃபீல்டு எதுக்கு?

ஒரு ஸ்பான்சரோட பேரும் நம்பரும் மட்டும் இருந்தா பெருசா பயன் இல்ல. போன வருஷம் எவ்வளவு கொடுத்தாங்க, யார் மூலமா பேசணும், எந்த மாசம் கேட்டா சரிப்படும் என்பதுதான் உண்மையான தகவல். கூகுள் கான்டாக்ட்ஸில் எடிட் பக்கத்துல 'ஷோ மோர்' தட்டினா கஸ்டம் ஃபீல்டு வரும். லேபிள்ல 'யார் மூலம்' என்று வெச்சு, பக்கத்துல பதிலை எழுதலாம். லேபிளை எல்லா கான்டாக்ட்டுக்கும் ஒரே மாதிரி எழுதுங்க. ஒண்ணுல 'யார் மூலம்', இன்னொண்ணுல 'ரெஃபரன்ஸ்' என்று இருந்தா பின்னாடி பிரிக்கவே முடியாது.

மாத்தும்போது எங்கே தொலையுது?

பேர், போன், மெயில் எல்லா மென்பொருளுக்கும் பொதுவான ஃபீல்டுகள். நீங்க உருவாக்கினது அப்படி இல்ல. விகார்டு ஃபார்மட்டில் (2011-ல் வந்த 4.0 வரைக்கும்) சொந்த ஃபீல்டுகளை 'எக்ஸ்-' என்று ஆரம்பிச்சு எழுத இடம் உண்டு. ஆனா அதைப் படிக்கிற மென்பொருளுக்கு அது புரியலன்னா, எரர் எதுவும் காட்டாம விட்டுட்டுப் போயிடலாம். டெஸ்க்டாப் அவுட்லுக்ல நீங்களா உருவாக்குற ஃபீல்டு சிஎஸ்வி எக்ஸ்போர்ட்டில் வராது. ஏற்கெனவே உள்ள 'யூசர் ஃபீல்டு' 1 முதல் 4 வரைதான் வரும். தண்டர்பேர்டிலும் கஸ்டம் ஃபீல்டு நாலுதான்.

செய்ய வேண்டியது

1. கூகுளில் இருந்து கூகுளுக்கே மாத்துறீங்களா? எக்ஸ்போர்ட்டில் 'கூகுள் சிஎஸ்வி'யைத் தேர்ந்தெடுங்க. கஸ்டம் ஃபீல்டின் லேபிளும் மதிப்பும் தனித்தனி காலம்களா வரும்.

2. வேற மென்பொருளுக்குப் போறீங்கன்னா, முக்கியமான கஸ்டம் தகவலை 'நோட்ஸ்' ஃபீல்டிலும் ஒரு காப்பி போடுங்க. நோட்ஸ் பொதுவான ஃபீல்டு என்பதால பெரும்பாலும் தப்பிச்சிடும்.

3. சிஎஸ்வியை எக்ஸெல்ல நேரடியா திறந்து சேவ் பண்ணாதீங்க. +91-ல் ஆரம்பிக்கிற நம்பர் 9.19E+11 மாதிரி மாறும். 044-ல் முன்னாடி இருக்கிற பூஜ்யம் காணாமப் போகும். தமிழ்ப் பேர்கள் கேள்விக்குறி ஆகலாம். திருத்தியே ஆகணும்னா, டேட்டா மெனு வழியா இம்போர்ட் பண்ணி, நம்பர் காலமை 'டெக்ஸ்ட்' ஆக்குங்க. முடிச்சதும் 'சிஎஸ்வி யுடிஎஃப்-8' ஆ சேவ் பண்ணுங்க.

4. மொத்த லிஸ்ட்டையும் உடனே ஏத்தாதீங்க. எல்லா ஃபீல்டும் நிரப்பின ஒரே ஒரு கான்டாக்ட்டை முதல்ல அனுப்பிப் பாருங்க. எல்லாம் சரியா வந்தா மீதியை அனுப்புங்க. கூகுளில் இம்போர்ட் ஆனதெல்லாம் அன்றைய தேதி போட்ட ஒரு லேபிளுக்குள்ள வந்து உட்காரும். சொதப்பினா அந்த லேபிளைத் திறந்து மொத்தமா செலக்ட் பண்ணி டெலீட் பண்ணிடலாம்.

5. புது அக்கவுண்ட்டில் எத்தனை கான்டாக்ட் வந்திருக்கு என்று எண்ணி, பழைய எண்ணிக்கையோட ஒப்பிடுங்க. அதுவரைக்கும் பழசுல எதையும் அழிக்காதீங்க.

ஒரு விஷயம் மறந்துடாதீங்க. அந்த ஃபைல்ல இருக்கிறது மத்தவங்க நம்பர். வாட்ஸ்அப் குரூப்ல போட்டா யார் யார் கைக்குப் போகும்னு சொல்ல முடியாது. அடுத்த செக்ரட்டரிக்கு மட்டும் நேரடியா கொடுங்க, உங்க சொந்த கான்டாக்ட்ஸை அதுல கலக்காம. ஃபேர்வெல் வாரம் வரைக்கும் தள்ளிப் போடாதீங்க. ப்ராஜெக்ட் ரிவ்யூ, நோ டியூஸ் கையெழுத்துன்னு அலையும்போது இதுக்கு நேரமே கிடைக்காது.