தட்டில் ஒரு விலை, பில்லில் ஒரு விலை

காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்கள் கொள்ளும்போது மிகையாகக் கொள்ளமாட்டார்கள், கொடுக்கும்போது குறையாகக் கொடுக்கமாட்டார்கள் என்று புகழ்கிறது பட்டினப்பாலை. இந்த நேர்மை விற்பவருக்கு மட்டும்தானா, வாங்குகிற நமக்கும் உண்டா என்று என்னை யோசிக்க வைத்தது, மாட்டுங்காவில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் நடந்த சின்ன சம்பவம்.

துவரம்பருப்பு ஒரு கிலோ பாக்கெட். தட்டில் ஒட்டியிருந்த சீட்டில் 149 ரூபாய். பில்லில் விழுந்தது 168. இரண்டு பாக்கெட்டுக்கு 38 ரூபாய் வித்தியாசம். பின்னால் நீண்ட வரிசை. "விடும்மா, போகட்டும்" என்றேன். பிழைக்க வந்த ஊரில் எதற்கு வம்பு என்ற பழைய பயம்தான். என் மனைவி விடவில்லை. "பையா, ஏக் மினிட். உதர் 149 லிக்கா ஹை, ஜரா செக் கரோ நா" என்றாள், சிரித்த முகத்தோடு. பையன் போய்ப் பார்த்து வந்தான். சலுகை முந்தின நாளே முடிந்துவிட்டது. சீட்டை எடுக்க மறந்துவிட்டார்கள். சூப்பர்வைசர் வந்து 149-க்கே போட்டுக் கொடுத்தார்.

இந்தத் தவறு எப்படி வருகிறது? பாக்கெட்டின் மேலுள்ள கறுப்புக் கோடுகளில், அதாவது பார்கோடில், விலை கிடையாது. பொருளின் எண் மட்டுமே உண்டு. இந்தியாவில் பதிவான எண்கள் 890 என்று தொடங்கும். 1974 ஜூன் 26 அன்று அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஒரு சூயிங்கம் பாக்கெட்டில் தொடங்கிய முறை இது. விலை இருப்பது கடையின் கம்ப்யூட்டரில். தட்டிலுள்ள சீட்டை மாற்றுவதோ வேறொருவர் கைவேலை. ஒன்று மாறி மற்றொன்று மாறாவிட்டால் வித்தியாசம்தான். ஆகவே கல்லாவில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை பெரும்பாலும் நிரபராதி. அவரைக் கோபித்துப் பயனில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? பாக்கெட்டில் அச்சிட்ட எம்.ஆர்.பி. எல்லா வரிகளும் சேர்ந்தது. அதற்கு மேல் விற்கக்கூடாது என்கின்றன 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகள். "எம்.ஆர்.பி.க்குள்தானே வாங்கினோம்" என்று கடைக்காரர் சொன்னால்? 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இன்னொரு படி மேலே போகிறது. கடைக்காரர் தாமே பார்வைக்கு வைத்த விலைப்பட்டியலுக்கு மேல் வாங்கினாலும் அது புகாருக்கு உரியதே. நாம் கேட்பது தயவு அல்ல, உரிமை. உரிமை என்பதால்தான் குரலை உயர்த்தத் தேவையில்லை.

கேட்கும் முறைதான் முக்கியம். பணம் கொடுக்குமுன் திரையைப் பாருங்கள். சந்தேகம் வந்தால் "தப்பு" என்று தொடங்காமல், "ஒருதடவை பாருங்களேன்" என்று தொடங்குங்கள். சீட்டை செல்போனில் படம் எடுத்து வைப்பது நல்லது. பேச்சு நீண்டால் சூப்பர்வைசரைக் கூப்பிடச் சொல்லி, வரிசைக்கு வழிவிட்டு ஓரமாக நில்லுங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் அந்தப் பொருளை மட்டும் கழிக்கச் சொல்லலாம். வீட்டுக்கு வந்தபின் தெரிந்தால் பில்லையும் பாக்கெட்டையும் பத்திரமாக வையுங்கள்.

அதற்கும் மேல் போக வேண்டுமென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. மும்பைக்கு இந்த விஷயத்தில் நல்ல மரபும் உண்டு. இந்திய நுகர்வோர் வழிகாட்டிச் சங்கம் 1966-லும், மும்பை கிராஹக் பஞ்சாயத் 1975-லும் இங்கேதான் பிறந்தன.

38 ரூபாய் எனக்குப் பெரிதல்ல. ஆனால் அந்தத் தட்டின் முன் அடுத்து நிற்பவர், மாதக் கடைசியில் எண்ணி எண்ணிச் செலவு செய்கிறவராக இருக்கலாம். "அந்தச் சீட்டை முதல்ல எடுத்துடச் சொல்லுங்க" என்று என் மனைவி சூப்பர்வைசரிடம் சொன்னதும் அதற்காகத்தான்.

கதை அங்கே முடியவில்லை. வாசல்வரை வந்தவள் பில்லை இன்னொரு முறை பார்த்தாள். தேங்காய் எண்ணெய் பில்லில் ஏறவே இல்லை! திரும்பிப் போய்ச் சொல்லிப் பணம் கட்டினாள். கல்லாப் பையன் எழுந்து நின்று, "தேங்க்யூ ஆன்ட்டி" என்றான். மிகை கொள்ளாமை வாங்குகிறவருக்கும் உரியது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.