ஓட்டை வண்டிக்குப் பணம்: அமெரிக்காவின் 2009 கார் மாற்றுத் திட்டம்

எரிபொருளை அதிகம் குடிக்கும் பழைய வாகனத்தை ஒப்படைத்துவிட்டு, அதைவிடக் கூடுதல் மைலேஜ் தரும் புதிய வாகனத்தை வாங்குவோருக்கு 2009ஆம் ஆண்டு கோடையில் அமெரிக்க அரசு 3,500 அல்லது 4,500 டாலர் தள்ளுபடி வழங்கியது. இத்திட்டத்தின் அதிகாரப்பூர்வப் பெயர் 'கார் அலவன்ஸ் ரிபேட் சிஸ்டம்' என்பதாகும். மக்கள் வழக்கில் அது 'கேஷ் ஃபார் கிளங்கர்ஸ்' ஆனது. கிளங்கர் என்பது லொடலொடவென்று ஓடும் பழைய வண்டியைக் குறிக்கும் பேச்சுச் சொல். நம் வழக்கில் 'டப்பா வண்டி' அல்லது 'ஓட்டை வண்டி' எனலாம். இரண்டு மாதங்களுக்கும் குறைவான காலத்தில் சுமார் 6.8 லட்சம் பழைய வாகனங்கள் இத்திட்டத்தால் அழிக்கப்பட்டன. அரசு ஏறத்தாழ 285 கோடி டாலர் செலவிட்டது.

விற்பனையை உயர்த்துவது, எரிபொருளைச் சேமிப்பது என்னும் இரண்டு வேலைகளை ஒரே தள்ளுபடியிடம் ஒப்படைத்த திட்டம் இது. அவ்விரண்டும் ஒன்றுக்கொன்று உதவும் என்றே அப்போது பலரும் நம்பினர்.

பின்னணி

பழைய கார்களைப் பணம் கொடுத்து ஒழிக்கும் எண்ணம் புதியதன்று. 1990இல் யுனோகால் என்ற எண்ணெய் நிறுவனம் லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் 1971க்கு முந்தைய கார்களை, ஒவ்வொன்றுக்கும் 700 டாலர் கொடுத்து வாங்கி நொறுக்கியது. 8,000க்கும் மேற்பட்ட கார்கள் வந்தன. அங்கே நோக்கம் புகைமூட்டத்தைக் குறைப்பது மட்டுமே. புதிய கார் வாங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

2008 ஜூலையில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பொருளியல் அறிஞர் ஆலன் பிளைண்டர் இந்த எண்ணத்தை நியூயார்க் டைம்ஸ் கட்டுரை ஒன்றில் மீண்டும் முன்வைத்தார். அப்போது அமெரிக்காவில் பெட்ரோல் ஒரு கேலன் 4 டாலரைத் தாண்டியிருந்தது. சில மாதங்களில் நிதி நெருக்கடி முற்றியது. 2007இல் சுமார் 1.6 கோடியாக இருந்த ஆண்டு வாகன விற்பனை 2009இல் 1.04 கோடியாகச் சரிந்தது. கிரைஸ்லர் 2009 ஏப்ரல் 30 அன்றும், ஜெனரல் மோட்டார்ஸ் ஜூன் 1 அன்றும் திவால் பாதுகாப்புக் கோரின.

ஜெர்மனி ஏற்கெனவே வழி காட்டியிருந்தது. 9 ஆண்டுகளுக்கு மேலான காரை ஒழித்துப் புதியது வாங்குவோருக்கு அந்நாடு 2009 ஜனவரி முதல் 2,500 யூரோ கொடுத்தது. 150 கோடி யூரோவில் தொடங்கிய நிதி 500 கோடியாக உயர்த்தப்பட்டது. ஆனால் அங்கே புதிய காரின் மைலேஜ் பற்றி எந்த நிபந்தனையும் இல்லை. அமெரிக்கத் திட்டத்தின் வேறுபாடு இங்குதான் இருந்தது. ஒபாமா 2009 ஜூன் 24 அன்று சட்டத்தில் கையெழுத்திட்டார்.

யாருக்குக் கிடைத்தது

பழைய வாகனம் தயாரிக்கப்பட்டு 25 ஆண்டுகளுக்கு உட்பட்டதாகவும், ஓடும் நிலையிலும் இருக்க வேண்டும். குறைந்தது ஓராண்டாக அதே உரிமையாளர் பெயரில் பதிவும் தொடர் காப்பீடும் இருக்க வேண்டும். எங்கோ கிடந்த துருப்பிடித்த வண்டியை வாங்கி வந்து பணம் பெறுவதைத் தடுக்கவே இந்த விதி. அரசுப் பதிவின்படி அதன் மைலேஜ் கேலனுக்கு 18 மைல் அல்லது அதற்குக் கீழ் இருக்க வேண்டும்; அதாவது லிட்டருக்குச் சுமார் 7.6 கிலோமீட்டர். புதிய வாகனத்தின் பட்டியல் விலை 45,000 டாலரைத் தாண்டக் கூடாது.

புதியது பயணிகள் காராக இருந்தால் குறைந்தது 22 மைல் கொடுக்க வேண்டும். பழையதைவிட 4 மைல் கூடுதலாகக் கொடுத்தால் 3,500 டாலர். 10 மைல் அல்லது அதற்கு மேல் கூடினால் 4,500 டாலர். பெரிய பிக்கப் டிரக்குகளுக்கு அளவுகோல் வெகுவாகத் தளர்த்தப்பட்டது: 1 மைல் கூடினால் 3,500, 2 மைல் கூடினால் 4,500. எஸ்யூவி, சிறிய டிரக் வகைகளுக்கு இடைப்பட்ட அளவுகள் இருந்தன.

ஒப்படைத்த வண்டி எப்படியும் அழிக்கப்படும் என்பதால், வழக்கமான எக்ஸ்சேஞ்சில் கிடைக்கும் விலை இதில் கிடைக்காது. பழைய இரும்பு விலை மட்டுமே மேலதிகமாகச் சேரும். எனவே 6,000 டாலர் பெறுமானமுள்ள வண்டியை யாரும் கொண்டு வரவில்லை. 1,000 டாலர்கூடப் பெறாத வண்டி வைத்திருந்தவருக்கே இது பெரிய லாபம்.

எஞ்சினைக் கொல்லும் முறை

திட்டத்தின் மிக விசித்திரமான பகுதி இது. எஞ்சின் ஆயிலை வடித்துவிட்டு, அதற்குப் பதிலாக சோடியம் சிலிகேட் 40 சதவீதமும் நீர் 60 சதவீதமும் கொண்ட கரைசலை ஊற்றினர். பிறகு எஞ்சினை நிமிடத்துக்குச் சுமார் 2,000 சுழற்சியில் ஓடவிட்டனர். சூட்டில் நீர் ஆவியாகிவிட, எஞ்சிய சிலிகேட் கண்ணாடி போல இறுகி பேரிங்குகளைக் கடித்துவிடும். சில நிமிடங்களில் எஞ்சின் சீஸ் ஆகி நின்றுபோகும். அதன்பின் எந்த மெக்கானிக்காலும் அதை உயிர்ப்பிக்க இயலாது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டிகள் இப்படி அடங்கும் காணொளிகள் அந்நாட்களில் இணையத்தில் ஏராளமாக உலவின.

கொடூரமாகத் தோன்றினாலும் காரணம் தெளிவு. எஞ்சின் உயிரோடு இருந்தால் வண்டி வேறொருவர் கைக்குப் போய்த் தொடர்ந்து எரிபொருள் குடிக்கும். ஜெர்மனியில் நொறுக்கப்பட வேண்டிய கார்கள் பல வெளிநாடுகளுக்குக் கப்பலேறியதாகக் காவல்துறையினரே புகார் கூறினர். அமெரிக்காவில் அந்த ஓட்டையைச் சிலிகேட் அடைத்தது. கதவு, இருக்கை, கண்ணாடி போன்ற பாகங்களைக் காயலான் கடையினர் கழற்றி விற்கலாம். 180 நாட்களுக்குள் மீதியை நொறுக்கிவிட வேண்டும்.

இரண்டு மாதப் பரபரப்பு

ஜூலை 24 அன்று விதிமுறைகள் வெளியாகி விண்ணப்பங்கள் ஏற்கப்படத் தொடங்கின. முதலில் ஒதுக்கிய 100 கோடி டாலர் ஒரு வாரத்திலேயே தீரும் நிலைக்கு வந்தது. காங்கிரஸ் அவசரமாக மேலும் 200 கோடி டாலர் ஒதுக்க, ஆகஸ்ட் 7 அன்று அதற்கும் ஒப்புதல் கிடைத்தது. அந்தத் தொகை புதுப்பிக்கத்தக்க ஆற்றல் கடன்களுக்கென வைத்திருந்த நிதியிலிருந்து எடுக்கப்பட்டது என்பது ஒரு முரண். தள்ளுபடியை டீலர்கள் முதலில் தங்கள் கையிலிருந்து கொடுத்துவிட்டு அரசிடம் திரும்பப் பெற வேண்டும். கணினி அமைப்பு திணறியதால் பலர் வாரக்கணக்கில் காத்திருந்தனர். ஆகஸ்ட் 24 அன்று திட்டம் முடிவுக்கு வந்தது.

அதிகம் ஒப்படைக்கப்பட்டது ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் எஸ்யூவி. அதிகம் வாங்கப்பட்டவை டொயோட்டா கொரோலாவும் ஹோண்டா சிவிக்கும். ஒப்படைத்த வாகனங்களின் சராசரி மைலேஜ் 15.8 மைல், வாங்கியவற்றின் சராசரி 24.9 மைல். லிட்டர் கணக்கில் 6.7 கிலோமீட்டரிலிருந்து 10.6 கிலோமீட்டராக உயர்வு.

மைலேஜ் எண் காட்டும் மாயை

டிரக்குகளுக்கு 2 மைல் முன்னேற்றத்துக்கே 4,500 டாலர் கொடுப்பது கேலிக்கூத்து என்று பலர் எழுதினர். கணக்குப் போட்டால் வேறு படம் கிடைக்கிறது. ஆண்டுக்கு 12,000 மைல் ஓடும் டிரக் ஒன்று 13 மைலிலிருந்து 15 மைலுக்கு உயர்ந்தால், 923 கேலன் தேவைப்பட்ட இடத்தில் 800 கேலன் போதும்; மிச்சம் 123 கேலன். அதே தூரம் ஓடும் கார் 18 மைலிலிருந்து 22 மைலுக்கு உயர்ந்தால் மிச்சம் 121 கேலன். இரண்டும் சுமார் 460 லிட்டர்தான்.

இதற்குக் காரணம், மைலேஜ் என்பது எரிபொருள் செலவின் தலைகீழ் எண் என்பதே. நமக்குப் பழக்கமான அளவில் பார்ப்போம். 10,000 கிலோமீட்டர் ஓட, லிட்டருக்கு 5 கிலோமீட்டர் தரும் வண்டிக்கு 2,000 லிட்டர் வேண்டும்; 7 தரும் வண்டிக்கு 1,429 லிட்டர். மிச்சம் 571 லிட்டர். 15 தரும் வண்டியை விட்டு 25 தரும் வண்டிக்கு மாறினால் மிச்சம் 267 லிட்டர் மட்டுமே. 10 கிலோமீட்டர் உயர்வு 2 கிலோமீட்டர் உயர்வில் பாதியைக்கூட மிச்சப்படுத்தவில்லை. டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் லாரிக், ஜாக் சால் ஆகியோர் 2008இல் சயின்ஸ் இதழில் இந்தக் குழப்பத்தை விளக்கினர். 2013 மாடல் முதல் அமெரிக்காவில் புதிய கார்களின் விவரச்சீட்டில் 100 மைலுக்கு எத்தனை கேலன் என்ற எண்ணும் அச்சிடப்படுகிறது. திட்டத்தின் குறைகளில் டிரக் விதியைச் சேர்ப்பது, ஆகவே, நியாயமன்று.

உண்மையான குறை அளவில் இருந்தது. 15.8இலிருந்து 24.9க்கு மாறிய வாகனம் ஆண்டுக்கு 12,000 மைல் ஓடுவதாகக் கொண்டால் சுமார் 277 கேலன் மிச்சமாகும். 6.8 லட்சம் வாகனங்களுக்கு அது 19 கோடி கேலனுக்குச் சற்றுக் குறைவு. அமெரிக்கா அப்போது ஒரு நாளில் எரித்த பெட்ரோல் ஏறத்தாழ 38 கோடி கேலன். ஓராண்டுச் சேமிப்பு அரை நாள் செலவுக்குச் சமம். அந்தப் பழைய வண்டிகளில் பல சில ஆண்டுகளில் தாமாகவே சாலையை விட்டு நீங்கியிருக்கும் என்பதையும், புதிய கார் தயாரிக்கவே கணிசமான ஆற்றல் செலவாகும் என்பதையும் இதில் கழித்துக்கொள்ள வேண்டும். லீ, லின், ஸ்பில்லர் ஆகியோரின் 2013 ஆய்வு, தவிர்க்கப்பட்ட ஒவ்வொரு டன் கார்பன் டை ஆக்சைடுக்கும் 92 முதல் 288 டாலர் வரை செலவானதாகக் கணித்தது. 2009இல் ஐரோப்பியச் சந்தையில் ஒரு டன் உமிழ்வு உரிமம் 20 யூரோவுக்கும் குறைவாகவே விற்றது.

இதே அளவுக் கணக்கு இன்னொரு குற்றச்சாட்டுக்கும் பொருந்தும். ஏழைகள் வாங்கக்கூடிய பழைய கார்களை அழித்து அவற்றின் விலையைத் திட்டம் ஏற்றிவிட்டது என்பார்கள். அழிந்தவை நாட்டிலிருந்த சுமார் 25 கோடி வாகனங்களில் ஆயிரத்துக்கு மூன்றுக்கும் குறைவு. பின்வந்த ஆண்டுகளில் பழைய கார்களின் விலை உயர்ந்ததற்கு, நெருக்கடிக் காலத்தில் புதிய கார்கள் குறைவாக விற்றதே பெரிய காரணமாக இருந்திருக்க முடியும்.

விற்பனை உண்மையில் கூடியதா

தள்ளுபடி பெற்ற 6.8 லட்சம் பேரில் எத்தனை பேர் அது இல்லாவிட்டாலும் அப்போதே கார் வாங்கியிருப்பார்கள் என்பதே கேள்வி. எட்மண்ட்ஸ் என்ற கார் விவர நிறுவனம், உண்மையாகக் கூடுதலாக விற்றவை 1.25 லட்சம் மட்டுமே என்றும், அப்படிப் பார்த்தால் ஒரு கூடுதல் காருக்கு 24,000 டாலர் செலவானது என்றும் 2009 அக்டோபரில் கூறியது. வெள்ளை மாளிகை அதைக் கடுமையாக மறுத்தது.

அதிஃப் மியான், அமிர் சூஃபி ஆகியோர் பழைய வண்டிகள் மிகுந்த நகரங்களையும் குறைந்த நகரங்களையும் ஒப்பிட்டனர். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் சுமார் 3.7 லட்சம் கார்கள் கூடுதலாக விற்றன என்பது அவர்களின் முடிவு. ஆனால் 2010 மார்ச்சுக்குள் அந்தக் கூடுதல் அநேகமாக முழுவதும் கரைந்துவிட்டது. சில மாதங்கள் கழித்து வாங்கவிருந்தவர்கள் முந்திக்கொண்டார்கள், அவ்வளவே. நெருக்கடியின் ஆழத்தில் அந்த முந்தலுக்கும் மதிப்பு உண்டு என ஆதரவாளர்கள் வாதிட்டனர்.

மார்க் ஹோக்ஸ்ட்ரா, ஸ்டீவன் புல்லர், ஜெரமி வெஸ்ட் ஆகியோரின் 2017 ஆய்வு இன்னும் ஆழமாகச் சென்றது. டெக்சாஸில் 18 மைல் வண்டி வைத்திருந்து தகுதி பெற்ற குடும்பங்களையும், 19 மைல் வண்டி வைத்திருந்து மயிரிழையில் தகுதி இழந்த குடும்பங்களையும் அவர்கள் அருகருகே வைத்துப் பார்த்தனர். இரு சாராரும் மற்றெல்லா வகையிலும் ஏறக்குறைய ஒரே மாதிரியானவர்கள். ஓராண்டுக்குள் இரு தரப்பும் வாங்கிய கார்களின் எண்ணிக்கை ஒன்றே. தகுதி பெற்றவர்கள் வாங்கியவையோ சிறிய, விலை குறைந்த கார்கள்; மைலேஜ் நிபந்தனையை எளிதில் நிறைவு செய்பவை அவைதாம். எஸ்யூவி வாங்கவிருந்தவர் தள்ளுபடிக்காகக் கொரோலாவுக்கு இறங்கினால் எரிபொருள் மிச்சமாகும். ஆனால் தொழிற்சாலைகளுக்குச் சென்று சேரும் பணம் குறையும். வாகனத் தொழிலுக்குப் பணம் பாய்ச்ச வந்த திட்டம், புதிய வாகனங்களுக்காகக் குடும்பங்கள் செலவிட்ட மொத்தத் தொகையைக் குறைத்துவிட்டது என்று அவர்கள் முடிவு கட்டினர்.