பொம்மைக்குள் ஓர் ஊசி!

ஊரையே தூக்குமேடைக்கு அனுப்பிய நாடகக்காரி

தோவாளை என்றால் பூ. விடியுமுன்பே அங்கே பூச்சந்தை களை கட்டிவிடும். அந்த வட்டாரத்து அம்மன் கோவில்களில் கொடை வந்துவிட்டால், பூவோடு வில்லும் வந்துவிடும். குடம் அதிர, உடுக்கு முழங்க, நள்ளிரவில் பேய்க் கதை நடக்கும்.

நாஞ்சில் நாட்டில் நீலி கதை தெரியாதவர் உண்டா? நாகர்கோவிலை அடுத்த கள்ளியங்காட்டில் வணிகன் ஒருவனைத் துரத்துகிறாள் நீலி. கள்ளிக் கொப்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொள்கிறாள். "இவர் என் புருஷன்" என்று ஊர்ப் பெரியவர்களிடம் அழுகிறாள். "ஐயோ, இவள் பேய்!" என்று அலறுகிறான் அவன். யார் கேட்டார்கள்? இருவரையும் ஒரே அறையில் பூட்டினார்கள். விடிந்தபோது அவன் பிணம்! வாக்குக் கொடுத்த எழுபது பேரும் தீயில் பாய்ந்து மாண்டார்கள்.

இதைத் தலைகீழாகப் புரட்டினால் இன்னொரு கதை வரும். அங்கே பேயே இல்லை. ஆனாலும் ஊர் நம்பியது!

அது அமெரிக்காவில் உள்ள சேலம். நம்முடைய சேலம் அல்ல. அங்கே 1692-ல் சூனியக்காரர்கள் என்று சொல்லி 19 பேரைத் தூக்கில் போட்டார்கள். கைல்ஸ் கோரி என்ற கிழவரைக் கல் ஏற்றி நசுக்கினார்கள். அதை வைத்து ஆர்தர் மில்லர் எழுதிய நாடகம் 1953-ல் நியூயார்க்கில் மேடை ஏறியது. "குரூசிபிள்" என்பது பெயர். பொன் உருக்கும் மூசை என்று பொருள்.

நாடகத்தின் வில்லி அபிகேல். வயது 17. ஜான் பிராக்டர் வீட்டில் வேலை பார்த்தவள். எஜமானனோடு தொடர்பு ஏற்பட்டது. மனைவி எலிசபெத் அவளை விரட்டிவிட்டாள். அன்றே வஞ்சம் பிறந்தது.

காட்டில் தோழிகளோடு ஆடியபோது அவள் பிடிபட்டாள். தப்புவதற்கு என்ன செய்தாள்? டிட்டுபா என்ற அடிமைப் பெண்மீது பழியைப் போட்டாள். அது பலித்தது. பிறகு பெயர் பெயராகச் சொல்ல ஆரம்பித்தாள்!

அவளுடைய சாமர்த்தியத்துக்கு ஒரு காட்சி போதும். பிராக்டர் வீட்டு வேலைக்காரி மேரி, நீதிமன்றத்தில் உட்கார்ந்து பொம்மை தைக்கிறாள். ஊசியைப் பொம்மையிலேயே குத்தி வைக்கிறாள். அதை அபிகேல் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். பொம்மை எலிசபெத்தின் வீடு போய்ச் சேருகிறது. அன்றிரவே தன் வயிற்றில் ஊசியை ஏற்றிக்கொண்டு கூச்சல் போடுகிறாள் அபிகேல். எலிசபெத்தைச் சங்கிலியில் பிணைத்து இழுத்துப் போகிறார்கள்!

உண்மையைச் சொல்ல வந்த மேரியையும் அவள் விடவில்லை. கூரையில் மஞ்சள் பறவை இருப்பதாக நடுங்கினாள். மற்றப் பெண்களும் நடுங்கினார்கள். மேரி பயந்துபோய்ப் பிராக்டர்மீதே பழி சொன்னாள்.

நிஜ அபிகேலுக்கு அப்போது 11 அல்லது 12 வயதுதான். பிராக்டருக்கு 60. காதல் தொடர்பு மில்லரின் கற்பனை. ஆனால் நீதிபதிகள் நம்பியது கற்பனை அல்ல. குற்றம் சுமத்தினால் சாட்சி வேண்டாமா? சிறுமியின் அலறலே சாட்சி ஆயிற்று.

மில்லர் எழுதிய காலத்தில் அமெரிக்காவில் கம்யூனிஸ்டு வேட்டை நடந்தது. 1956-ல் அவரையே விசாரணைக்கு அழைத்து, கூட்டாளிகளின் பெயரைக் கேட்டார்கள். அவர் சொல்லவில்லை. தண்டனை கிடைத்தது. 1958-ல் அது ரத்தாயிற்று.

இந்தியாவிலும் சூனியப் பழிக்குப் பெண்கள் பலியானார்கள். அதைத் தடுக்கப் பீகாரில் 1999-லும், ஜார்க்கண்டில் 2001-லும் சட்டம் வந்தது.

அபிகேல் என்ன ஆனாள்? நம் நாடகமாக இருந்தால் கடைசிக் காட்சியில் கையில் விலங்கு பூட்டியிருப்பார்கள். இங்கே அப்படி இல்லை. பொய் வாக்குமூலத்தைக் கிழித்துப்போட்டுவிட்டு பிராக்டர் தூக்குமேடைக்கு நடக்கிறான். அவளோ அதற்கு முன்பே மாமனின் பெட்டியை உடைத்து, 31 பவுண்டுப் பணத்தோடு ஊரைவிட்டு ஓடிவிட்டாள்!